பளிங்குத் தண்ணீர்

புதுக் கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீர் பளிங்குபோல நின்றது. உள்ளே கடலிலிருந்து வந்த ஒரு பாறை மட்டும் உட்கார்ந்திருந்தது. பக்கத்துச் சின்னத் தொட்டியில் திரும்பக்கூட இடமில்லாமல் கிடந்த கோமாளி மீனுக்கு, அதைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"ஒரே தாவல், அங்கே வந்துடுவேன்," என்றது.

"வராதே!" என்று பதறியது பாறை. "என்மேல் ஒட்டிவந்த புழுவும் கடற்பஞ்சும் செத்து அழுகிட்டிருக்கு. தண்ணி முழுக்க நஞ்சு. என் பொந்துக்குள்ள கொஞ்சம் நுண்ணுயிர் பிழைச்சிருக்கு. அதுங்க பெருகி இதைத் தின்னு தீர்க்கணும்."

"இவ்வளவு பெரிய வீட்டைத் தனியா அனுபவிக்கப் பார்க்கறே," என்று மீன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனாலும் பயத்தில் தாவவில்லை.

ஐந்து வாரத்தில் கண்ணாடியெல்லாம் பழுப்புப் பாசி படிந்தது. "நல்லா இருந்தப்பவே வந்திருக்கலாம், பாழாப் போச்சே!" என்று மீன் புலம்பியது. அன்றைக்குத்தான் வீட்டுக்காரர் தொட்டித் தண்ணீரைச் சோதித்துப் பார்த்துச் சிரித்தார். மீனை வலையில் அள்ளி அங்கே விட்டார்.

மீன் மூலையில் ஒடுங்கி மூச்சை அடக்கிக்கொண்டது. எவ்வளவு நேரம் முடியும்? மெல்லச் செவுளைத் திறந்தது.

"எரியுதா?" பாறையின் குரல் நடுங்கியது.

"இல்லை."

"நிஜமா?"

"நிஜமா."

"அப்பாடா!" என்றது பாறை.

தான் மட்டுமே காத்திருந்ததாக நினைத்த மீன், மெல்ல நீந்திப் போய் அதன்மேல் சாய்ந்துகொண்டது.