முந்நூற்று அறுபத்தாறாம் நாள்

"செருப்பால அடிக்கிறதா இருந்தா வாசல்லயே அடிச்சிடுங்க டாக்டர். உள்ள வந்து உக்காந்து வாங்கிக்கத் தெம்பில்ல."

லியாண்ட்ரோ கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொன்செப்சியோனிலிருந்து லா செரேனாவுக்குப் பதினாலு மணி நேரம் பஸ்ஸில் வந்தவன் என்று சட்டையே சொன்னது.

டாக்டர் யாஸ்னா நிமிரவில்லை. "உள்ள வாப்பா" என்றாள், மேஜையைப் பார்த்து.

பக்கத்து மேஜை உர்சுலா விடுவதாக இல்லை. இருவரும் பன்னிரண்டு வருடமாக ஒரே அறையில் நட்சத்திரக் கூட்டங்களை ஆராய்கிறவர்கள். யாஸ்னாவுக்காகச் சண்டை போடுவதில் அவளுக்கு ஒரு தனி ருசி.

"வா ராசா. அடுத்தவ விதைச்ச வயல்ல அறுத்துட்டுப் போனவரு நீங்கதானா? முகத்தைப் பாத்தா, வாயில விரலை வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாத பிள்ளை மாதிரி இருக்கு."

அவனுக்குக் காது வரை சிவந்தது. சட்டப்படி அது தப்பே இல்லை என்பதுதான் அவனை இன்னும் அதிகமாக அறுத்தது. விண்வெளித் தொலைநோக்கியிடம் படம் கேட்டு வாங்குகிறவருக்கு அந்தப் படம் ஒரு வருடம் சொந்தம். அதுவரை பூட்டு. முந்நூற்று அறுபத்தாறாம் நாள் பூட்டுத் திறந்துவிடும்; உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். யாஸ்னா வாங்கிய படத்தை அவன் அன்றைக்கே எடுத்தான். ஓரத்தில் மங்கலாக ஒரு சிவப்புப் புள்ளி. கணக்குப் போட்டுப் பார்த்தால், அதன் ஒளி ஆயிரத்து முந்நூறு கோடி வருடத்துக்கு முன் கிளம்பியது. பிரபஞ்சம் குழந்தையாக இருந்த காலத்து நட்சத்திரக் கூட்டம். மூன்றே வாரத்தில் கட்டுரை எழுதி இணையத்தில் போட்டுவிட்டான்.

"உங்க வீட்டுக்காரருக்கு அந்த வருஷம் கிட்னி ஆபரேஷன்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது டாக்டர். சாந்தியாகோ மாநாட்டுலதான் தெரிஞ்சது. காப்பி வரிசையில என் பக்கத்துல நிக்க ஆளில்ல. 'புருஷன் உசுருக்குப் போராடிட்டு இருந்தாரு, அந்தம்மா படத்தைத் திறந்துகூடப் பாக்கல, அதுக்குள்ள இவன் தட்டிட்டான்'னு என் காது படவே பேசினாங்க."

"அதச் சொன்னதே நான்தான்" என்றாள் உர்சுலா. "எல்லார்கிட்டயும் சொன்னேன். இன்னும் சொல்லுவேன்."

"விடு உர்சுலா" என்றாள் யாஸ்னா.

"எங்கம்மா பேப்பர்ல என் போட்டோவைப் பாத்துட்டு, தெரு முழுக்க எம்பனாதா பலகாரம் சுட்டுக் குடுத்தாங்க. எனக்கு ஒரு வாய் இறங்கல."

அவன் மடிக்கணினியைத் திறந்து யாஸ்னாவின் முன்னால் வைத்தான். "திருத்தின பிரதியை இன்னைக்குச் சாயங்காலம் பத்திரிகைக்கு அனுப்பணும். முதல் பேரு உங்களோடது, என்னோடது ரெண்டாவது. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

யாஸ்னாவின் வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய டிசம்பரில் குழு கூடுகிறது. இரண்டு வருடமாக அவள் பெயரில் உருப்படியாக ஒரு கட்டுரை இல்லை. இதில் முதல் பெயராக வந்துவிட்டால் குழு வாயே திறக்காது.

உர்சுலாவின் கோபம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டாள். தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து, வெண்ணெய்ப்பழம் தடவி அவன் கையில் திணித்தாள். "சாப்பிடு. நான் நெனச்ச அளவுக்கு நீ மோசமில்ல." பிறகு தோழியின் பக்கம் திரும்பினாள். "சரின்னு சொல்லுடி. படமும் உன்னுது, புள்ளியும் உன்னுது."

யாஸ்னா திரையில் தன் பெயரைப் பார்த்தாள். இந்தச் சில மாதமாகத் தாழ்வாரத்தில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் அவள் தோளைத் தட்டி உச்சுக்கொட்டிவிட்டுத்தான் போனார்கள். ஆய்வகத்தின் இயக்குநர் பூங்கொத்துகூட அனுப்பினார். எல்லாவற்றையும் அவள் வாங்கித்தான் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்" என்றாள். "கண்டுபிடிச்சது நீ. உன் பேரே இருக்கட்டும்."

"பைத்தியமாடி உனக்கு? டிசம்பர்ல வேலை போயிடும்."

"போகட்டும்."

லியாண்ட்ரோவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இப்படி ஒரு மனசு யாருக்கும் வராது டாக்டர்" என்றான்.

அதைக் கேட்டு யாஸ்னா கூனிக் குறுகினாள். முகம் எரிந்தது. தன்னடக்கம் என்று இருவருமே நினைத்தார்கள்.

"நன்றிப் பக்கத்துலயாவது ஒரு வரி போட்டுக்கறேன்" என்று அவன் மடிக்கணினியில் அடித்துக்கொண்டே வாசித்தான். "'உயிருக்குப் போராடிய கணவரின் படுக்கையருகே இருந்ததால், தாம் பெற்ற படத்தைத் திறந்து பார்க்கவும் இயலாமல் போன டாக்டர் யாஸ்னா கார்காமோவுக்குத் தலைவணங்குகிறேன்.' நல்லா இருக்கா?"

"அழி."

"ஏன் டாக்டர், நடந்ததைத்தானே எழுதியிருக்கேன்?"

"அழின்னு சொல்றேன்ல. அச்சுல ஏறிட்டா நான் செத்தப்புறமும் அது நிக்கும்."

அவள் தன் கணினியில் ஒரு கோப்பைத் திறந்தாள். திரையை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டு, ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டாள்.

அந்தப் படத்திலிருந்து வேண்டாமென்று கழித்துக்கட்டியவற்றின் பட்டியல் அது. பதினோராவது வரியில், லியாண்ட்ரோவின் சிவப்புப் புள்ளி இருந்த அதே இடம். அதற்கு எதிரே யாஸ்னா எழுதி வைத்திருந்த குறிப்பு: 'கருவியில் கறை. குப்பை.'

தேதி, போன வருடம் ஜூன் பத்தொன்பது. கணவர் படுக்கையில் விழுந்ததே செப்டம்பரில்தான்.