தோலை எடுத்துரு

ஸ்கேன் அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு உள்ளே பேசுவது நன்றாகவே கேட்டது.

"முதல்ல தோலை எடுத்துரு."

"எடுத்தாச்சு சார்."

"விலா எலும்பு மறைக்குது பாரு. அதையும் தூக்கிரு. அப்படியே குறுக்கே வெட்டு."

அவள் பெஞ்சின் நுனிக்கு வந்தாள். வெறும் படம் எடுக்கத்தானே கணவனை உள்ளே அனுப்பினாள்?

"கொஞ்சம் அதிகமா வெட்டிட்டேன் சார்."

"பரவால்ல, திரும்ப ஒட்டிக்கலாம்."

எழுந்து ஓடப்போனவளின் தோளில் ஒரு கை விழுந்தது. கணவன்தான். சட்டைப் பொத்தானைப் போட்டபடி நின்றான்.

"நீங்க உள்ள இல்லையா?"

"அப்பவே முடிஞ்சுது. அந்தப் பக்கமாப் போய் உடை மாத்திட்டு வரேன். அவங்க வெட்டறது என்னை இல்ல, கம்ப்யூட்டர்ல இருக்கற என் படத்தை. எப்படி வேணா திருப்பிப் பாப்பாங்களாம்."

போன உயிர் திரும்பி வந்தது. இருவரும் சிரித்தார்கள்.

உள்ளே பேச்சு தொடர்ந்தது.

"இப்ப முதுகுப் பக்கமா திருப்பு. இன்னும் கொஞ்சம். நிறுத்து."

அதற்குப் பிறகு உள்ளே யாரும் பேசவில்லை. வெட்டச் சொல்லும் அந்தக் குரலாவது மறுபடி கேட்காதா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தபோது, யாரோ எழுந்து வந்து கதவை மெல்லச் சாத்தினார்கள்.