ஆனி கடைசி முகூர்த்தம்

பெரியப்பன் காளிச்சாமி இன்னும் ஒரே ஒரு நாள் உயிரோடு இருந்தால் போதும் என்று அரங்கசாமி வேண்டாத சாமி இல்லை. அன்று சாயங்காலம் கோயமுத்தூரிலிருந்து டாக்டரை அம்பாசடரில் ஏற்றிக்கொண்டு கருமத்தம்பட்டித் தோட்டத்துக்கு அவன் பறந்ததைப் பார்த்தவர்கள், "பங்காளின்னா இப்படியல்லோ இருக்கோணும்" என்று உருகிப்போனார்கள்.

உருகுவதற்கு ஒன்றும் இல்லை. அவனுக்கு வேண்டியது பெரியப்பன் அல்ல, அந்த ஒரு நாள்.

பீளமேட்டில் அவிநாசி ரோட்டின்மேல் மூன்று மாடிக் காம்ப்ளக்ஸ் கட்டி, தொண்ணூற்று நாலிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். தன் வீட்டுப் பத்திரம், தங்கை தோட்டத்துப் பத்திரம், மச்சானின் தறிக்குடோன் பத்திரம் எல்லாம் பேங்கில். குடும்பத்தில் அத்தனை பேரும் நன்றாக இருக்கட்டும் என்று அத்தனை பேரையும் சேர்த்துக்கொண்டவன். இப்போது முழுகினால் அத்தனை பேரும் சேர்ந்துதான் முழுக வேண்டும்.

கடைசியில் ஈரோட்டு ஜவுளிக்கடைக்காரர் கோவிந்தராஜுலு மூன்று மாடியையும் வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஒரே நிபந்தனை. "ஆனி கடைசி முகூர்த்தத்துல நீங்க வெளக்கேத்திப் பால் காய்ச்சிச் சாவி குடுத்துரோணும். ஆடி பொறந்துட்டா, காந்திபுரத்துல எனக்கு வேற எடம் ரெடியா இருக்குதுங்க."

அந்த முகூர்த்தம் நாளைக்கு. பெரியப்பனோ படுக்கையில் இழுத்துக்கொண்டு கிடக்கிறார். பங்காளி வீட்டுச் சாவுச் சேதி காதில் விழுந்தால் தீட்டு; அது கழியும்வரை குத்துவிளக்கைத் தொட முடியாது. அதற்குள் ஆடி பிறந்துவிடும்.

தோட்டத்து வாசலில் பெரியம்மா பழனியாத்தாள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை இல்லாதவள். அப்பன் இல்லாத அரங்கசாமியை எடுத்து வளர்த்ததே அவள்தான். பீளமேட்டு நிலத்துக்காகப் பெரியப்பன்மேல் கேஸ் போட்டு அவன் ஜெயித்தானே, அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

"ஏனுங் பெரியம்மா, டாக்டரைக் கூட்டியாந்திருக்கறனுங்க. ஒருக்காப் பாக்கட்டுங்க."

"டாக்டரெல்லாம் வேண்டாம். திருப்பிக் கூட்டிப் போ."

"ஆஸ்பத்திரில சேத்தாப் பொழச்சுக்குவாருங்க. இந்தக் கார்லயே போயிரலாமுங்க."

"ஆரும் உள்ள போகக் கூடாது." அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நாளைக்குத்தான உனக்குத் தொறப்பு?"

அரங்கசாமிக்குப் புரிந்துவிட்டது. கிழவி கணக்குப் போடுகிறாள். புருஷன் போனாலும் பரவாயில்லை, இவன் உருப்படக் கூடாது என்று நிற்கிறாள். டாக்டர் பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல் அவள் காலில் விழுந்தான்.

"கேஸ் போட்டது தப்புத்தானுங்க. அந்தக் கோவத்த இப்பக் காட்டாதீங்க. தங்கச்சி, மச்சான், எம்பட புள்ளைங்க, அத்தன பேரும் நடுத்தெருவுக்கு வந்துருவாங்க பெரியம்மா."

"எந்திரி. நேரமாச்சு, ஊட்டுக்குப் போ," என்றவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். திரும்பும் வழியெல்லாம் அவன் அழுதான். டாக்டர் பாவம், ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை காம்ப்ளக்ஸ் வாசலில் வாழைமரம், பந்தல், மைக்செட்டில் நாதஸ்வரம். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அடுப்பைப் பற்றவைக்கப் போகிற நேரம் பார்த்து, கருமத்தம்பட்டிக்காரர் ஒருவர் வாயைத் திறந்தார்.

"காளிச்சாமி போயிட்டாராட்ட இருக்குதுங்க. நேத்திருந்து தோட்டத்துல ஒரு அரவமும் இல்ல."

பந்தல் முழுக்கப் பேச்சு பரவியது. கோவிந்தராஜுலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "சாவு உழுந்த ஊட்டுக்காரர் கையில நான் சாவி வாங்க மாட்டனுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

"அதெல்லாம் புரளிங்க. கொஞ்சம் உக்காருங்க," என்று அரங்கசாமி கும்பிட்டான். அவர் உட்காரவில்லை. அவன் மனைவி புவனா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். இனி யாரைக் கெஞ்சுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் எதிரே நின்ற பஸ்ஸிலிருந்து பழனியாத்தாள் இறங்கினாள். அரக்குப் பட்டுச்சேலை, தலை நிறையக் கனகாம்பரம், நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம்.

"பூவும் பொட்டுமா நான் வந்து நிக்கறேன். ஆரது, நல்ல நாளும் அதுவுமா எளவு பேசறது?"

வாயைத் திறந்தவர் காப்பி டம்ளரோடு பின்பக்கம் நழுவினார். கோவிந்தராஜுலு உட்கார்ந்தார்.

அரங்கசாமிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "வெளக்க நீங்களே ஏத்துங்க பெரியம்மா," என்று ஓடினான்.

"முட்டி வலிக்குது, படியேற முடியாது. நீயும் புவனாவும் ஏத்துங்க," என்று சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாகவே நின்றுகொண்டாள்.

விளக்கு எரிந்தது. பால் பொங்கியது, சாவி கைமாறியது. கோவிந்தராஜுலுவின் கார் கிளம்பிப் போன பிறகு அரங்கசாமி அவளிடம் ஓடி வந்தான். கையைப் பிடிக்கப் போனவனைத் தொடவிடாமல் அவள் ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தாள். இன்னும் கோபம் ஆறவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

"எங்க குடும்பத்தையே காப்பாத்திப்போட்டீங்க பெரியம்மா. இப்பவே வாரனுங்க, பெரியப்பன் கால்ல உழுந்து மன்னிப்புக் கேட்டுக்கறனுங்க."

பழனியாத்தாளுக்கு முதல் தடவையாகக் கண் கலங்கியது.

"இனி எளவு சொல்லியுடு கண்ணு, பெரியப்பன் நேத்து மத்தியானமே போயிட்டாரு."