டவர் மேல் கட்டிய கூடு

நான் சொல்வதில் ஒரு சொல் பொய்யென்றால் மிச்சமிருக்கும் நாலு பல்லும் இப்போதே கொட்டட்டும்!

ஒரு காகம் இருந்தது. விருந்தாளி வருவதை முன்கூட்டியே கத்திச் சொல்லி, செண்பகவல்லி வீட்டில் தினம் ஒரு பிடி சோறு தின்றுவந்தது. ஒருநாள் அது கத்தியபோது அவள் கையை ஓங்கினாள்.

"சும்மா கிட சனியனே! மதினி திருமங்கலம் தாண்டிட்டான்னு போனே சொல்லிருச்சு."

சோறு நின்றது. காகம் இளைத்தது. வலசை வந்த நாரையிடம் போய் அழுதது.

"உன் ஊரில் மட்டுமில்லை தம்பி," என்றது நாரை. "நான் குஞ்சாக இருந்தபோது வடக்கே குளிர்நாட்டில்தான் இன்டர்நெட் இருந்தது. அப்புறம் என்னைப் போலவே நாடு நாடாகத் தெற்கே இறங்கியது. நான் திரும்பிப் போனேன், அது போகவில்லை. போன வருஷம் பாலைவனத்தில் ஒட்டகம் மேய்ப்பவன்கூட வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான்."

"அங்கேயெல்லாம் பறவைகள் என்ன செய்தன அண்ணே?"

"டவரில் கூடு கட்டிக்கொண்டன."

காகமும் கட்டப் போனது. குச்சி கிடைக்காததால் டவரிலேயே நாலு வயரைப் பிடுங்கிக் கட்டியது. ஊரில் நெட் போயிற்று. மறுநாள் காகம் கத்தியது. சொல்லாமல் கொள்ளாமல் ஏழு பேர் செண்பகவல்லி வாசலில் வந்து இறங்கினார்கள். "காக்கா சொன்னதைக் கேக்காமப் போனேனே!" என்று அவள் நெய்ச்சோறே வைத்தாள்.

"ஆள் வருவது உனக்கு எப்படித் தெரியும்?" என்றது நாரை.

"எனக்கென்ன தெரியும்? தினமும் கத்துவேன். என்றைக்காவது யாராவது வருவார்கள்."

இப்போது மாதம் ஒருமுறை கூட்டைப் புதுப்பிக்கிறது. உங்கள் ஊரில் நெட் போனால் காக்கைக்குக் கொஞ்சம் சோறு வையுங்கள். சொன்னது நான்தான் என்று மட்டும் யாரிடமும் மூச்சுவிடாதீர்கள். டவரைப் பார்த்துக்கொள்வது என் மருமகன்.