ஆடி ஒன்பது

என் மகன் முகிலனுக்குச் சிறுநீர்ப் பாதையில் அடைப்பு. அறுவை சிகிச்சைக்கு ஆடி ஒன்பதாம் தேதி கிடைத்தது. "ஆடியில பச்சப்புள்ள உடம்புல கத்தி வைக்கணுமா? ஆவணி பொறக்கட்டும் டாக்டர்" என்றேன். வேறு யாரும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். அந்தத் தேதியை, அதே அடைப்போடு வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற எஸ்தரின் மகன் ஜெபினுக்குக் கொடுத்தார்கள். ஆடி முடிவதற்குள் முகிலனுக்குக் காய்ச்சல் வந்தது. தேங்கிய சிறுநீரில் சீழ் பிடித்து ரத்தத்தில் கலந்துவிட்டது. மூன்று நாள்தான் இருந்தான். மறுவருடம் நெரிசலான பேருந்தில் எஸ்தர் என்னை அடையாளம் கண்டு, ஜெபினை என் மடியில் உட்காரவைத்தாள். "உங்க தேதியிலதான்க்கா இவன் பொழச்சான். முகிலன் எப்படி இருக்கான்?" "நல்லா இருக்கான்" என்றேன். அப்போது ஜெபின் என் மடியை நனைத்தான். "ஐயய்யோ, இவனுக்குக் குழாயே மூடாதுக்கா! குடுங்க" என்று சிரித்தபடி கை நீட்டினாள். அந்தத் தடையில்லாத வெதுவெதுப்பு என் மடியில் பரவியது. "இருக்கட்டும்" என்று அவனை இறுக்கிக்கொண்டேன். நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.