குறைந்த இரண்டு கற்கள்

மேஸ்திரி தோட்டப் பாதைக்குக் கல் பதித்து, இடுக்குகளில் மணலைக் கூட்டித் தள்ளி முடித்தார். பின்னால் உடைந்தால் மாற்றுவதற்கென்று பத்துக் கற்களை மிச்சம் வைக்கச் சொல்லியிருந்தேன். எண்ணினேன். எட்டுதான் இருந்தன.

"மேஸ்திரி, பையைக் கொஞ்சம் திறங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. பையைக் கவிழ்த்தார். ரப்பர் சுத்தியல், நூல்கண்டு, முழங்காலுக்குக் கட்டும் சாக்குத்துணி. அவ்வளவுதான்.

"என்ன சார் தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல. போயிட்டு வாங்க."

சாயங்காலம் அம்மா தோட்டத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எப்போதும் அந்தரத்தில் தொங்கும் அவள் பாதங்களுக்கு அடியில், ஆடாமல் பதித்த இரண்டு கற்கள்.

"இப்பதான்டா கால் வலிக்காம உக்கார முடியுது. நீதான் போடச் சொன்னியாமே? காலையிலயே மேஸ்திரி சொன்னாரு."

நான் குனிந்து அந்தக் கற்களைப் பார்த்தேன்.

"நீ நல்லா இருக்கணும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத் தலை நிமிரவில்லை.