இடது முட்டி

வியாசர்பாடி ரசிகர்களுக்கு மட்டும் கால்பந்து கிளப் கொடுத்த பட்டை அது. காலில் கட்டிக்கொண்டால், கிளப்பின் ஆட்டக்காரன் எபிநேசர் பந்தை உதைக்கும்போது நம் காலும் அதிரும். வலியும் சேர்ந்தே வரும் என்பது எபிநேசருக்குத் தெரியாது. ஆட்டோ ஓட்டும் சகுந்தலா ஒரு ஆட்டத்திலும் அதைக் கழற்றியதில்லை.

இன்று தன் ஓய்வுக்கு முந்தைய கடைசி ஆட்டத்தில் கடைசி கோலை அடித்துவிட்டு அவன் மைக்கைப் பிடித்தான்.

"மன்னிச்சிக்கோங்க. இடது முட்டி போயி மூணு வருசமாச்சு. எதிர் டீமுக்குத் தெரிஞ்சா அங்கயே மிதிப்பானுங்கன்னு உங்ககிட்டயும் மறைச்சிட்டேன்."

மைதானம் சிரிப்பில் வெடித்தது.

"எங்களுக்குத் தெரியாதாடா கண்ணு? எங்க முட்டியுந்தான் வலிக்குது. ஒருத்தராவது வாயத் தொறந்தோமா?" என்று கத்தினாள் சகுந்தலா.

இடது முட்டியைப் பிடித்துக்கொண்டு மொத்த கேலரியும் எழுந்து நின்றது.